காஞ்சி நாட்டில் பொது நிலமும் பெண்ணின் பங்கும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில் கோபுரங்களும் பட்டுப் புடவைகளுமே யாவர் நினைவிலும் தோன்றும். அக்கோபுரங்களையும் தறிகளையும் தாங்கி நின்றது ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நெல்லை விளைவித்தவர்கள் நகரைச் சூழ்ந்த ஊர்களின் சேரிகளில் வாழ்ந்த நம் முன்னோர். அவர்களுள்ளும் நாற்று நட்டவர், களையெடுத்தவர், கதிர் அறுத்தவர், நெல் தூற்றியவர் பெரும்பாலும் பெண்களே ஆவர். ஒரு போக நெல்லுக்கு எத்தனை முறை அவர்கள் குனிந்து நிமிர்ந்தனர் என்பதை எந்தக் கணக்குப் பிள்ளையும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் நிலத்தைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். கல்வியும் நிலமும் நம் மக்கள் ஒரே காலத்தில் எழுப்பிய இரு கோரிக்கைகள் என்பதே அதற்கு விடை. முதற் கோரிக்கையில் நம் பெண்கள் ஓரளவு முன்னேறியுள்ளனர். இரண்டாவதில் அவர்கள் நிலை யாது? ஒரு சமுதாயம் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் நிலத்தில், அல்லது ஒரு சமுதாயத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில், அதன் பெண்களுக்குப் பங்கு உண்டா? இவ்வினாவைக் காஞ்சி நாட்டு வரலாற்றின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கரையீடும் காணியாட்சியும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் தொண்டை மண்டலத்தின் நடுப்பகுதி. இங்கே நிலம் தனித்தனி ஆளின் உடைமையாக மட்டும் இருந்ததில்லை. ஊர் முழுவதையும் சில பங்குகளாகக் கணக்கிட்டு, அப்பங்குகளை உடையவர்கள் கூட்டாக ஆண்டு வந்தனர். இவ்வுரிமை காணியாட்சி எனப்பட்டது. பின்னர் மிராசு என்ற சொல் வழக்கிற்கு வந்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியைச் சாகீராகப் பெற்ற பின், வெள்ளை அதிகாரிகள் இம்முறையைப் புரிந்துகொள்ளப் பெரிதும் முயன்றனர். 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் ஆகியோர் இதைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர்.

பங்குகளைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை மீண்டும் பிரித்துக்கொள்ளும் முறைக்குக் கரையீடு என்று பெயர். இவ்வாறு மாறி மாறிப் பங்கிடும் ஊர் பசுங்கரை ஊர். பங்குகள் நிலையாகப் பிரிந்துவிட்ட ஊர் அறுதிக்கரை ஊர். நல்ல வயலும் மேட்டு வயலும், மடைக்கு அருகில் உள்ளதும் கடைமடையில் உள்ளதும் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வர வேண்டும் என்பது பசுங்கரையின் கருத்து. கேட்பதற்கு இது சமத்துவம் போலத் தோன்றும். பங்காளிகளுக்குள் அது சமத்துவந்தான். ஆனால் பங்காளி யார் என்பதே நம் வினா.

வேளாளரும் பிராமணரும் முதலாகச் சில சாதியாரே பங்குடையோர். உழுத படியாளுக்குப் பங்கு இல்லை. அவருக்கு இருந்தது களத்து மேட்டில் அளந்து கொடுக்கப்படும் கூலி நெல்லும், தலையாரி, வெட்டியான் போன்ற ஊர்ப்பணிகளுக்கான சுதந்திரமும் ஆகும். குடிசை இருந்த சேரி மனையும் மிராசுதாரர் தம் உடைமை என்றே கூறி வந்தனர். படியாள் எதிர்த்துப் பேசினால் அவர் குடும்பம் அன்றிரவே வீடின்றி நிற்கும்.

காஞ்சியை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலைத் தேர்தலுக்குப் புகழ் பெற்றவை. ஊர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவனாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒரு விதி. நிலம் இல்லாதவனுக்கு ஊரில் வாக்கு இல்லை என்பதே இதன் பொருள். நிலம் இல்லாத சேரி ஆணுக்கே இடமில்லாத அவையில் சேரிப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரசியரும் தளிச்சேரிப் பெண்டிரும் கோயிலுக்கு நிவந்தம் அளித்த செய்திகளைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். வயலில் நின்ற பெண்ணின் பெயரை அவ்வாறு நிலம் உடையவளாகக் காண்பதில்லை.

ஆகவே, பொது நிலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் மயங்கிவிடலாகாது. பொது என்பது எவரெவர்க்குப் பொது என்று கேட்டல் வேண்டும்.

1892: சேரிக்கு வந்த நிலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கரம்பு நிலத்தைப் பட்டாவுக்குக் கேட்டுத் தர்க்காஸ்து மனு கொடுக்கும் வழி இருந்தும், செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. சேரி மனிதர் மனுக் கொடுத்தால் மிராசுதாரர் தாமே அந்நிலத்தைக் கேட்டுத் தடுத்துவிடுவர். ஆதம் ஆண்ட்ரு, வில்லியம் கூடி ஆகிய பாதிரிமார் இக்கொடுமையைத் தொடர்ந்து வெளிப்படுத்தினர். அக்காலத்திலேயே நம்மவரும் வாய் திறந்தனர். இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891-இல் பறையர் மகாசன சபையை நிறுவி, 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்கீர் 1891-இல் பறையர் நிலையைப் பற்றி ஓர் அறிக்கையை அரசுக்கு அளித்தார். திருமணச் செலவு போன்றவற்றுக்கு வாங்கிய சிறு கடனுக்காக வாழ்நாள் முழுதும் படியாளாகக் கட்டுண்ட நிலையையும், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத அவலத்தையும் அவர் எடுத்துக்காட்டி, நம் மக்களுக்கு மனையும் நிலமும் வழங்குமாறு பரிந்துரைத்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் வருவாய்த்துறை அரசாணை எண் 1010 பிறந்தது. இவ்வாறு ஒதுக்கப்பட்டவையே பின்னர்ப் பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இங்ஙனம் வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறுவர்.

இந்நிலங்களுக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, தானம் செய்யவோ கூடாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்ற இயலும். மீறினால் அம்மாற்றம் செல்லாது. அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பஞ்சமி நிலம் தனித்தனிப் பட்டாவாக வழங்கப்பட்டாலும், அதன் இயல்பில் அது ஒரு சமுதாயத்தின் நிலம். பிடித்திருப்பவர் ஒருவர், உரியவர் அனைவரும்.

ஒப்பம் இட்ட கை

இத்துணைக் காவல் இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி நம் கையை விட்டுச் சென்றது. எவ்வாறு?

காரணங்கள் பல. நிலம் வந்தது, ஏர் வரவில்லை, விதை வரவில்லை, கிணறு வரவில்லை. பஞ்ச காலத்தில் நெல்லுக்கும் நோய்க் காலத்தில் மருந்துக்கும் பழைய மிராசுதாரரிடமே கையேந்த நேர்ந்தது. கடன் பத்திரத்தில் வைத்த கைநாட்டு நாளடைவில் கிரயப் பத்திரமாயிற்று. நிபந்தனை நிலம் என்ற குறிப்பைக் கர்ணம் ஏட்டில் எழுதினாரா இல்லையா என்று படித்தறிய நம்மிடம் எழுத்து இல்லை. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் அக்குறிப்பு புதிய பதிவேடுகளில் ஏறாமலே போயிற்று.

இவற்றை நம் தலைவர்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அந்நிலங்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவராகிய ஆண் ஒருவர் பெயரில் மட்டுமே எழுதப்பட்டன. நிலத்தைத் திருத்தியவர் இருவர். கல் பொறுக்கி, முள் வெட்டி, கரம்பைக் கழனியாக்கியவர் இருவர். ஏட்டில் ஏறியவர் ஒருவர். ஆகவே நிலத்தைப் பறிக்க விரும்பியவனுக்கு வேண்டியிருந்ததும் ஒரே ஒரு கைநாட்டு. கள்ளுக் கடையிலோ, மிராசுதாரர் வீட்டுத் திண்ணையிலோ, வழக்கு என்று அச்சுறுத்தியோ அதைப் பெறுதல் எளிது. அடுப்பங்கரையில் நின்றவளைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நிலம் போன செய்தியை அவள் அறிந்தது, மறு பருவத்தில் தான் நட்ட வயலிலேயே கூலிக்கு நடச் சென்றபோது.

அரசு இட்ட நிபந்தனை வெளிப்புறத்தில் தொங்கவிட்ட பூட்டு. பெண்ணின் பெயர் உட்புறத் தாழ்ப்பாள். அத்தாழ்ப்பாள் நம் வீடுகளில் போடப்படவே இல்லை.

தறி வீடுகளிலும் இதே நிலையைக் காணலாம். தார் சுற்றுவதும், பாவு நீட்டும்போது உடன் நிற்பதும், கோர்வைப் புடவைக்கு மறுபுறம் அமர்ந்து நாடா வாங்கித் தருவதும் பெரும்பாலும் பெண்களும் சிறுவரும் செய்த பணிகள். சங்கத்தின் புத்தகத்தில் இருப்பதோ பெரும்பாலும் ஆணின் பெயர். உழைப்பு கூட்டு, உரிமை தனி என்பது கழனிக்கு மட்டும் உரிய நோய் அன்று.

1994-ஆம் ஆண்டு, மாமல்லபுரத்தை அடுத்த காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் எழுந்தது. அந்நிலத்தில் நிறுவப்பட்ட அண்ணல் அம்பேத்கரின் சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்துச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது அக்டோபர் 10-ஆம் நாள் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். நூறு ஆண்டுகளுக்கு முன் தாளில் தரப்பட்ட நிலத்தைக் கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அத்தகைய விலை கொடுத்து மீட்கும் நிலத்தை மீண்டும் ஒரே கைநாட்டுக்கு ஒப்படைப்பது தகுமா என்பதே நாம் சிந்திக்க வேண்டுவது.

சட்டம் நடந்த தூரம்

பெண்ணின் சொத்துரிமையில் சட்டம் மிக மெதுவாகவே நடந்தது. 1937-இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் உரிமை அளித்தது. ஆனால் அது வேளாண்மை நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. 1947-இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றிய பின்னரே இங்கு நிலத்திலும் அவ்வுரிமை ஏற்பட்டது. அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா மகளுக்கும் மனைவிக்கும் முழு உரிமை வழங்க முற்பட்டது. அது கைவிடப்பட்டதை ஒரு முதன்மைக் காரணமாகக் காட்டி அவர் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். தாழ்த்தப்பட்டோர் தலைவர் ஒருவர் பெண்களின் சொத்துரிமைக்காகப் பதவி விலகினார் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண் பெறும் சொத்தை அவளது முழு உடைமையாக்கியது. விருப்ப ஆவணம் எழுதாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர்க்குச் சம பங்கு என்றும் விதித்தது. இதை நம் நிலத்தோடு பொருத்திப் பாருங்கள். அரசு ஒருவருக்கு ஒப்படைத்த நிலம் அவருடைய தனிச் சொத்து. ஆகவே அதைப் பெற்றவர் 1956-க்குப் பின் இறந்திருப்பின், அவர் மகளுக்கும் மனைவிக்கும் அன்றே பங்கு பிறந்துவிட்டது. ஆயினும் மகன்கள் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றிய வீடுகள் நம்மிடையே எத்தனை!

மூதாதையர் கூட்டுச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் இந்திய நாடாளுமன்றம் செய்த திருத்தம் அத்தடையை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறித்தவத்தைத் தழுவிய நம் உறவினர்க்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லை.

பிற நிலங்களில் நடந்தவை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெக்சிக்கோ நாட்டில் 1910-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஊர்ப் பொது நிலங்கள் உழவர்க்கு வழங்கப்பட்டன. அவ்வூர்களில் உறுப்பினராகும் உரிமை பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணுக்கே கிட்டியது. ஆணும் பெண்ணும் சமம் என்று சட்டத்தில் எழுத 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வழக்காற்று முறையில் ஊர் நிலம் ஆளப்படும் தான்சானியாவில் 1999-இல் இயற்றப்பட்ட ஊர் நிலச் சட்டம் பெண்ணின் உரிமையை வெளிப்படையாகக் கூறிற்று. உலகெங்கும் ஒரே பாடம்: நிலம் பொதுவானதால் மட்டும் பெண் பங்குடையவள் ஆவதில்லை, அவள் பெயரைச் சொல்லி எழுதினால்தான் ஆகிறாள்.

நம் நாட்டில் பீகார் மாநிலத்துப் புத்தகயையில் ஒரு மடம் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஆண்டு வந்தது. அந்நிலத்தை உழுத தாழ்த்தப்பட்ட மக்கள் 1978 முதல் போராடினர். போராட்டத்தில் முன் நின்ற பெண்கள், மீட்கும் நிலம் தம் பெயரிலும் வேண்டும் என்றனர். அதிகாரிகள் மறுத்தனர், தம் ஆண்களே தயங்கினர். விவாதித்து விவாதித்து, 1982-இல் இரண்டு ஊர்களில் ஆண்களே பெண்கள் பெயரில் பட்டா கேட்கும் நிலை உருவாயிற்று.

தமிழகத்தில் இதற்குச் சான்றாக விளங்குபவர் நம் சமுதாயத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவர் கணவர் ஜெகந்நாதன் வினோபாவின் பூதான இயக்கத்தில் தமிழகத்தில் முன் நின்றவர். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட பின், அத்தம்பதியர் கீழத் தஞ்சைக்குச் சென்று தங்கினர். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தைப் பேசி வாங்கி, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராக வழங்கினர். அவை பெண்கள் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டன. தெலுங்கானாவின் சகீராபாத் பகுதியிலோ, தாழ்த்தப்பட்ட பெண்கள் சங்கமாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டு, பருவத்தின் முடிவில் விளைச்சலைப் பகிர்ந்துகொண்டனர். அஃதும் ஒரு கரையீடே. ஆனால் அங்கே பங்காளிகள் பெண்கள்.

ஓர் ஐயமும் விடையும்

மகளுக்குப் பங்கு கொடுத்தால் நிலம் ஊரை விட்டுப் போய்விடும் என்று நம் பெரியவர்கள் சிலர் அஞ்சுவர். அவர்கள் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. நிலத்தை இழந்த சமுதாயத்தின் அச்சம் அது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். பக்கத்து ஊர்ச் சேரிக்கு மணமாகிச் சென்ற மகளிடம் உள்ள நிலம் நம் சமுதாயத்தில்தான் உள்ளது. நம்மை விட்டுப் போன நிலமெல்லாம் பெரிதும் தந்தையர், மகன்கள் இவர்களின் கைநாட்டில் போனவையே. மகள்கள் கொண்டுபோனவை அல்ல. பெண் பெயரைப் போட்டால் மட்டும் எல்லாம் காக்கப்படும் என்று கூறவில்லை. பெண்ணையும் ஏமாற்றலாம், அச்சுறுத்தலாம். ஆனால் இருவரை ஏமாற்றுவது ஒருவரை ஏமாற்றுவதினும் கடினம்.

இன்று இவ்வினா முன்னிலும் கூர்மையானது. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் எழுந்த பின் கரம்பு நிலமும் பொன் விலை பெற்றுள்ளது. பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரம் முதலிய ஊர்கள் நிலத்திற்காகப் போராடியுள்ளன. நிலம் எடுக்கப்படும்போது இழப்பீடு தேடி வருவது பதிவேட்டில் உள்ள பெயரை. மேய்ச்சல் நிலத்தில் ஆடு வளர்த்தவளையும், ஏரிக்கரையில் விறகு பொறுக்கியவளையும் அது தேடி வருவதில்லை. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் நடத்தும் நிலப் பிடிப்புகள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 மட்டுமே.

இளைஞர் கடமை

கற்ற இளைஞர்களே! எழுத்தறியாத காரணத்தால் இழந்ததை எழுத்தறிந்தவர் தேடுதல் வேண்டும். உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிபந்தனை நிலம் என்ற குறிப்பு எங்கே நின்று போயிற்று என்பது புலப்படும். வில்லங்கச் சான்றிதழ் பெற்றுக் கைமாறிய ஆண்டுகளைக் குறியுங்கள். உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழில் அத்தையும் தாயும் தமக்கையும் இடம் பெற்றுள்ளனரா என்று கேளுங்கள். விடுதலைப் பத்திரத்தில் ஒப்பம் இடுமாறு தங்கையை அழைக்கும் முன், அவள் எதை விடுகிறாள் என்பதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

புதிதாக நிலம் வாங்கும் வாய்ப்பும் உண்டு. நிலமற்ற ஆதி திராவிடப் பெண்கள் வேளாண்மை நிலம் வாங்க மானியம் தரும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தைத் தாட்கோ வழியாகத் தமிழக அரசு 2023-இல் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்வோர்க்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கப்பட்டது. இவற்றை நம் தாய்மார்க்கு எடுத்துக் கூறி, மனு எழுதித் தருவது கல்விக் கழகங்கள் செய்யத் தக்க பணி.

தொண்டை மண்டலத்துப் பழைய ஊர்கள் பங்கு என்ற சொல்லால் ஆளப்பட்டன. அப்பங்கில் நம் பாட்டனாருக்கு இடம் இல்லை. அவருக்கு நிலம் வந்தபோது நம் பாட்டிக்கு இடம் இல்லை. முதல் அநீதியை நமக்கு இழைத்தவர் பிறர். இரண்டாவதை இழைத்தவர்களுள் நாமும் உண்டு. பிறர் இழைத்ததைத் திருத்தப் போராட்டமும் நீதிமன்றமும் வேண்டும். நாம் இழைத்ததைத் திருத்த ஒரு மனுவும் ஒரு மை ஒப்பமும் போதும். அவ்வொப்பத்தை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே இடுவோமாக.